நடுக்கோட்டைத் தாண்டிய ஒயர்

நாலே நாலு ஸ்க்ரூ. கழற்றுவதற்குள் மலர்விழியின் கை வேர்த்துவிட்டது.

குஜிலியம்பாறைக்கு இந்தப் பக்கம், பொன்னுத்துரை தோட்டத்து மோட்டார் ரூம். போன வாரம் இதே சுவரோரம்தான் அவள் புருஷன் அந்தோணிராஜ் கரண்ட் அடித்துச் செத்தான். சுவரிலிருந்த பெட்டி அவள் செய்தது. லைனில் வரும் வோல்டேஜை அளந்து விவசாயியின் செல்லுக்குச் சொல்லும். குறைந்தால் மோட்டாரை நிறுத்தும். திண்டுக்கல் பட்டறையில் அவள் செய்வாள். அவன் ஊர் ஊராகப் போய் மாட்டுவான்.

வாசலில் மாமனார் சூசைராஜ். பெட்டியைப் பார்த்த கையோடு ஸ்டேஷனில் பொன்னுத்துரை மேல் புகார். அதுதான் ஏற்பாடு. பியூஸுக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றுகிற ஆள், பெட்டியையும் நோண்டியிருப்பான் என்று ஊரே பேசியது. பொன்னுத்துரை மறுத்து மறுத்து ஓய்ந்து, வேப்பமரத்தடியில் குத்தவைத்திருந்தார்.

மூடி கழன்றது.

போர்டின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம் லைனைத் தொட்டு அளக்கிற பகுதி. இந்தப் பக்கம் செல்லுக்குச் சேதி அனுப்புகிற சிம் போர்டும், வெளியே நீட்டிய ஏரியலும். மனுஷன் கை படுகிற பகுதி. ரெண்டுக்கும் தனித்தனி பவர், தனித்தனி கிரவுண்டு. அளந்த கணக்கு மட்டும் நடுவிலுள்ள சின்ன சிப் வழியாகத் தாண்டும். கல்யாணமான புதிதில் அவனுக்கு விளக்கினாள்: சண்டை போட்ட சம்பந்தி வீடு மாதிரி, சேதி போகலாம், ஆள் போகக் கூடாது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இப்போது அந்தக் கோட்டைத் தாண்டி ரெண்டு ஒயர். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

லைன் பக்கத்துப் பவர் சப்ளை கருகிக் கிடந்தது. யாரோ சிம் போர்டிலிருந்து அதற்குப் பவர் இரவல் கொடுத்திருக்கிறார்கள். பவர் போனால் கிரவுண்டும் கூடவே போகும். லைன் பக்கத்துக் கிரவுண்டு நியூட்ரலோடு, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பியோடு, சேர்ந்தது; அதனால் நியூட்ரலும் ஏரியலின் உலோக அடியும் ஒன்றாகிவிட்டன.

செத்த அன்றைக்கு அந்தோணிராஜ் மூன்று பியூஸையும் பிடுங்கிவிட்டுத்தான் ஏரியலில் கை வைத்தான். நியூட்ரலுக்குப் பியூஸ் கிடையாது. முந்தின நாள் காற்றில் அது கம்பத்தில் அறுந்திருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக் கரண்டெல்லாம் திரும்ப வழியில்லாமல் அதிலேயே நின்று, ஏரியலைத் தொட்ட அவன் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கியது.

சூசைராஜ் ஒயரைப் பார்த்துவிட்டார். பொன்னுத்துரை வேலைதானே, ஸ்டேஷனுக்குப் போவோம் என்று கிளம்பினார்.

"செத்த இருங்க மாமா."

ஒயரைப் பற்றவைத்த இடத்தின் மேல் நீலமாய் ஒரு குட்டிக் குழாய். பேனா ரீபில் துண்டு.

பற்றவைத்த இடத்தை மூடுகிற ஸ்லீவை அந்தோணிராஜ் வாங்க மாட்டான். தீர்ந்துபோன ரீபிலை நறுக்கி மாட்டுவான். மை ஒழுகும் என்று அவள் திட்டினால், கழுவிட்டுத்தாண்டி மாட்டுறேன் என்பான்.

அவள் பொன்னுத்துரையைக் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினாள். அவர் தலை குனிந்தது.

"மோட்டார் ஓடாம மல்லிச்செடி வாடுதுன்னு நான்தான் கெஞ்சுனேன் தாயி. சாமான் வரவும் மாத்திருறேன், வீட்ல மட்டும் சொல்லிராதீங்க, அவ வைவான்னுச்சு தம்பி. செத்த பிள்ளைக்குக் குடுத்த வாக்கு. எப்பிடிச் சொல்ல?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த அவன் சட்டையின் பையில் புது பவர் சப்ளை ஒன்று இருந்தது. அது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அவன் மாற்றத்தான் வந்திருக்கிறான்.

வேறு யாராவது செய்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

"மாமா, இது நம்ம ஆளு வேலை."

சூசைராஜ் ரீபில் துண்டையே பார்த்தார். மகனின் மேஜையில் அப்படி எத்தனையோ கிடந்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

"அப்ப நான் யாரத்தான் வையிறது, ஆத்தா?"

அவர் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பொன்னுத்துரையும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மலர்விழி லைனில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். நியூட்ரலிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு ரெண்டு ஒயரையும் வெட்டி, ரீபில் துண்டை உருவினாள்.

கழுவவே இல்லை. விரலில் மை ஒட்டியது.