உண்ணிச்செடி வேலி

ரிச்மண்ட் டவுன் பங்களாவின் பின்சுவரை ஒட்டி உண்ணிச்செடியை நட்டது தோட்டக்காரர் கிருஷ்ணப்பாதான். எஜமானர் சீனிவாசராகவன் சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நந்தி மலைக்குப் போகும் வழியில் புதராக மண்டிக் கிடந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, நாலு கொம்பை ஒடித்துக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தண்ணி கேக்காது, மாடு வாய் வெக்காது. வேலிக்கு வேற என்ன வேணும்?" என்றார்.

ஐந்து வருஷத்தில் அது சுவரைத் தாண்டி எழுந்தது. ஆரஞ்சும் சிவப்புமாகப் பூ. பூ உதிர்ந்ததும் கொத்துக்கொத்தாகப் பச்சைக் காய்.

1957 மே மாதம் எஜமானர் அதைக் குட்டையாக வெட்டச் சொன்னார். வெட்டியதை எரிக்கக் கிருஷ்ணப்பா குவித்தபோது, மனைவியை நினைத்துத் தடுத்தார்.

"புகை வேண்டாம். ருக்மிணிக்கு இழுப்பு வந்துடும். அந்தப் பக்கம் சந்துல போடு."

"சாமி, அந்தக் காயி, எலை ரெண்டும் விஷம். சந்துல மாடுங்க வரும்."

"மாடுதான் அதைத் தொடாதே."

"பசிச்சா துன்னும் சாமி. இந்த வெயில்ல புல்லு எங்க இருக்குது?"

"தெருவுல விடறவா பார்த்துக்கணும். நீ போடு."

கிருஷ்ணப்பா மூன்று கூடை அள்ளிப் போட்டார்.

ஆஸ்டின் டவுனில் அவருக்கு அடுத்த வீட்டில் தங்கை சந்திரம்மா இருந்தாள். புருஷன் போனபிறகு ஒரே ஒரு கறவை மாட்டை வைத்து இரண்டு பெண்களை வளர்த்தவள். காலையில் கறந்ததும் மாட்டை மேய அவிழ்த்துவிடுவாள்; அது ரிச்மண்ட் டவுன் சந்துகள் வரை சுற்றிவிட்டு வரும். வேலி வெட்டிய நாலாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. சாணியும் போடல. மூக்கைப் பாருண்ணா."

மூக்கு சிவந்து வெடித்திருந்தது. கண்ணில் மஞ்சள். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. "நெழல்ல கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சூடு பிடித்திருக்கும் என்று நினைத்து மூன்று நாள் மோர் ஊற்றிப் பார்த்த சந்திரம்மா, அதற்குப் பிறகுதான் மாட்டு டாக்டரை அழைத்து வந்தாள். உண்ணிச்செடி தின்றிருக்கிறது, முன்னாடியே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார் அவர். மருந்து கொடுத்தும் மறுநாள் மாடு செத்தது.

வண்டியில் ஏற்றி அனுப்பியபின் அவள் கேட்டாள். "நம்ம பக்கம் அந்தச் செடியே கெடையாதே. எங்க துன்னுச்சு?"

"நான் வெட்டிப் போட்டதும்மா."

"விஷம்னு தெரியுமா?"

"தெரியும்."

"மூக்கைப் பார்த்தியே, அன்னிக்கே தெரியுமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டரைக் கூப்ட்டிருப்பேனே" என்றாள். அவள் குரல் உயரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கிருஷ்ணப்பா கடப்பாரையோடு வேலியில் இறங்கினார். பாதி தோண்டியபோது எஜமானர் வந்தார்.

"யாரைக் கேட்டுத் தோண்டறே?"

கிருஷ்ணப்பா மாட்டைப் பற்றிச் சொன்னார்.

"பாவம்தான். அதுக்குச் செடி என்ன பண்ணும்? நிறுத்து."

கிருஷ்ணப்பா நிறுத்தவில்லை. அந்த வீட்டில் பத்தொன்பது வருஷத்தில் சொன்ன சொல்லை அவர் மீறியது அன்று ஒருநாள்தான். மத்தியானத்துக்குள் வேலை போயிற்று.

மாடு செத்த கதை கேட்ட ருக்மிணி அம்மாள் இரக்கப்பட்டாள். பாத்திரம் தேய்க்க வரச் சொல்லிச் சந்திரம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். சந்திரம்மா சம்மதித்தாள். முதல் நாள் அவள் கிளம்பும்போது கிருஷ்ணப்பா வாசலில் நின்றார்.

"அந்த வீட்டுக்கேவா போற?"

"அவங்கதான் கூப்ட்டாங்க. வேற யாரு கூப்ட்டா?"

"அந்தாளு சொல்லித்தான் போட்டேன் சந்திரா. வேணாம்னு சொன்னேன், கேக்கல."

"சரி. எங்கிட்ட சொல்லாதேன்னும் அவரா சொன்னாரு?"

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

மழை வந்ததும் மண்ணில் தங்கிய வேர்கள் துளிர்த்தன. கிருஷ்ணப்பாவுக்கு ஜீவனஹள்ளியில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும், மூத்த பெண் கல்யாணத்துக்குச் சந்திரம்மா அவரை அழைக்கவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையை வேறு யாரோ போட்டார்கள்.