பெருநாளுக்கு டின்னோடு போனவள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவு மரியாதையானதல்ல. தொண்ணூற்றேழாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், கல்முனையில் ஒரு பல் டொக்டரின் வாசல் வாங்குப் பலகையில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி நாளுக்கு எட்டுத் தரம் பிளேன்டீ குடித்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்?) பக்கத்தில் நிந்தவூர் சபியா உம்மா. அவருக்கு அப்பால் அவருடைய மகள் றுஸ்தா, பதினாலு வயது, மடியில் ஒரு பால்மா டின். டின் எதற்கென்று கேட்டேன். உம்மா முழுக் கதையையும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஊரின் கடற்காற்றில் கூட ஓர் இனிப்பு..."

வேண்டாம். நிந்தவூர்க் காற்றில் கருவாடுதான் மணக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "பதின்ம வயதினரின் பற்சுகாதாரத்தில் உணவுப் பழக்கத்தின் பங்கு யாதெனில்..." இது சுகாதார பாடக் கொப்பி. எழுதும் எனக்கே தூக்கம் வருகிறது.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்: இருபத்திரண்டாம் நோன்பன்று றுஸ்தாவின் கடைவாய்ப் பல் வலித்தது.

3

டொக்டர் நல்லரெத்தினம் காரைதீவுக்காரர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, எப்ப பல்லுத் தீட்டுற?"

"விடிய முந்தி சகருக்குச் சாப்பிட எழும்பின உடனே."

"சகருக்கு என்ன தின்னுற?"

"சோறு. கடைசியா வாழைப்பழமும் சீனியும் தேங்காப்பாலும் பிசைஞ்சு ரெண்டு பிடி."

"அதுக்குப் பிறகு?"

"படுப்பன்."

சபியா உம்மா குறுக்கே விழுந்தார். "பேஸ்ட் தொண்டைக்குள்ள போனா நோன்பு என்னாகும் டொக்டர்?"

நோன்பு தப்பியது, பல் மாட்டிக்கொண்டது. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறோம், நான் உட்பட. விடியத் தொழுகைப் பாங்கு சொல்ல முன்னமே தின்று முடித்துத் தீட்டிவிட்டால் இரண்டும் தப்பும் என்பது எங்களுக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கடைசிப் பிடி அவ்வளவு ருசி.

நோன்போடு பல்லில் கை வைக்க உம்மா விடவில்லை. டொக்டர் தவணை கொடுத்தார்.

"குழி இன்னும் நரம்பத் தொடல்ல. பெருநாள் கழிஞ்சு வாங்க. அப்பவும் தொடாம இருந்தா அடைப்பன். தொட்டுட்டா புடுங்கத்தான் வேணும். இது திரும்ப முளைக்கிற பல்லு இல்ல, பிள்ளை."

றுஸ்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப பெருநாளைக்கு இனிப்பே தின்னேலாதா?"

"தின்னு. நாள் முழுக்கக் கொறிக்காத. சோத்தோட ஒரே தரமாத் தின்னிட்டுத் தீட்டு. எவ்வளவு தின்னுறாய் எண்டதவிட, எத்தினை தரம் தின்னுறாய் எண்டதத்தான் பல்லுப் பார்க்கும்."

4

சொல்வது லேசு. பெருநாளன்று வீட்டுக்கு வீடு ஏற வேண்டும். வீட்டுக்கு ஒரு துண்டு தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டிய, பல்லில் அப்பும் அல்வா) வாயில் போட வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த பெருநாள்வரை முகம் கொடுக்க மாட்டார்கள். றுஸ்தா யாரிடமும் இரவல் வாங்காத ஒரு யோசனை கண்டுபிடித்தாள். புதுச்சட்டை, புதுச்செருப்பு, கையில் கழுவித் துடைத்த பால்மா டின்.

"இதுக்குள்ள வையுங்க. பகல் சோத்தோட தின்னுறன்."

மூன்று வீட்டில் சிரித்தார்கள். நாலாவது வீடு வாப்பாவின் மூத்த சகோதரி பாத்தும்மா மாமியுடையது. மாமி சிரிக்கவில்லை. தொதல் துண்டோடு நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"என்ட கையால தாறத்தையும் டின்னுக்குள்ளயா போடுவாய்?"

(இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. பதினாலு வயது, காலையிலிருந்து தொதல் மணம். முதல் பிரதியில் அவளைத் தின்னவைத்தேன். தின்றாள், பிறகு கண் கலங்க... இல்லை. அவள் என்னைவிட உறுதியானவள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது.)

றுஸ்தா வாயை அகலத் திறந்து காட்டினாள். மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! இதுக்குள்ள நண்டே குடியிருக்கலாமே புள்ள!"

நீட்டிய துண்டோடு இன்னும் இரண்டு துண்டு டின்னுக்குள் விழுந்தது.

அன்று பகல், பதினொரு வீட்டு இனிப்பில் முடிந்ததை ஒரே இருப்பில் தின்று, கிணற்றடியில் நுரை தள்ளத் தள்ளப் பல்லைத் தீட்டினாள். மிச்சம் மறுநாள் பகலுக்கு, அதற்கும் மறுநாளுக்கு. ஊர்ப் பிள்ளைகள் 'டின் றுஸ்தா' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

5

முடிவு ஒன்று: அடைத்தார். முடிவு இரண்டு: பிடுங்கினார். முடிவு மூன்று: குழி தானாகவே மூடிக்கொ... (பல் டொக்டர்மார் வாசித்தால் சிரிப்பார்கள். வெட்டு.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். என் பல் போய்விட்டது. அரை மணித்தியாலம் வாய் திறக்கக்கூடாது என்ற உத்தரவோடு பஞ்சைக் கடித்தபடி வாங்கில் வந்து விழுந்தேன். றுஸ்தா டின்னை என் பக்கத்தில் வைத்துவிட்டு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. அந்தக் கதவு திறக்கும்வரை என் வலியை நான் மறந்திருந்தேன்.

வெளியே வந்தாள். வாயைக் கைலேஞ்சித் துணியால் பொத்தியிருந்தாள்.

"ம்ம்?" என்று கேட்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அவள் டின்னைத் திறந்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய கடைசித் தொதல் துண்டை என் கையில் வைத்தாள்.

"மாமா, இப்ப தின்னாதீங்க. நாளைக்குப் பகல் சோத்தோட ஒரே தரமாத் தின்னுங்க. தின்னிட்டு மறக்காமப் பல்லுத் தீட்டுங்க, என்ன?"

நிந்தவூர் பஸ் வந்தது. போய்விட்டார்கள்.

எந்த முடிவு என்று என்னைக் கேட்காதீர்கள். பல்லைப் பறிகொடுத்த நான் "ம்ம்" என்பதோடு நின்றேன். அவளோ அவ்வளவையும் ஓர் எழுத்துக் குழறாமல் சொன்னாள். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தொதலில் மட்டும் பங்கு கேட்க வேண்டாம்.