பச்சை பாய்ந்த படம்

திண்டுக்கல் நாகல்நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த கஸ்பார், படம் கழுவும் இருட்டறையைக் கலைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது இரண்டாயிரத்து நாலில். மறு வருடமே ஆறு வண்ண மை ஊற்றும் இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றையும் மதுரையிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். கலர் படமென்றால் அதில் கண்ணைப் பறிக்கும். கல்யாணப் பெண்ணின் சேலைச் சரிகை தனியாக மின்னும். கருப்பு வெள்ளை என்று வந்தால் மட்டும் மெஷின் முரண்டு பிடித்தது. சாம்பல் நிறத்தை அது கருப்பு மையால் மட்டும் உண்டாக்குவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலக்கும். கலவை துளி பிசகினால் போதும், முகம் செம்மண் பூசியது போலவோ பாசி படர்ந்தது போலவோ வந்து விழும்.

அந்த மாசியில்தான் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொக்கைச்சாமி வந்தார். அவருடைய அண்ணன் மகன் மோகன்குமார், மல்லிகைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள்.

"அவங்கப்பன் படம் கருப்பு வெள்ளையில வீட்ல தொங்குது தம்பி. மகன் படமும் அதே மாதிரி வேணும், ரெண்டையும் சேத்து மாட்டணும்னு ஜக்கம்மா மதினி ஒத்தக்கால்ல நிக்குது. கருமாதிக்குள்ள போட்டுக் குடுத்துருங்க."

ஜக்கம்மாள், செத்துப்போனவனின் தாய். மொக்கைச்சாமி கொடுத்துவிட்டுப் போனது கல்யாண போட்டோ. மாலையும் கழுத்துமாக மோகன்குமார் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி தீபா, பயமும் வெட்கமுமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஸ்பார் கம்ப்யூட்டரில் மாலையை எடுத்தார், நிறத்தை எடுத்தார், தீபாவையும் எடுத்தார். அவன் சட்டைக் கையில் பதிந்திருந்த அவள் விரல்களை அழிக்கத்தான் நெடுநேரம் பிடித்தது.

அச்சு முதலில் சிவந்து வந்தது. சிவப்பைக் குறைத்தால் ஊதா அடித்தது. ஊதாவைக் குறைத்து, மஞ்சளைக் கூட்டி, தாள் மேல் தாளாகக் கிழித்துப் போட்ட பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில் சுத்தமான சாம்பலில் ஒரு முகம் வந்தது. கஸ்பாருக்குத் திருப்தி. சட்டத்தில் போடுவதற்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படத்தை வாசலுக்கு எடுத்து வந்தார். வெயில் பட்டது. தாடையிலிருந்து கழுத்து வரைக்கும் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. உள்ளே கொண்டுபோனால் பச்சையைக் காணோம். வெளியே வந்தால் திரும்பவும் இருந்தது.

அதற்கு வழி அவருக்குத் தெரியாமல் இல்லை. கருப்பு மை மட்டும் போதும் என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு, மினுமினுப்பில்லாத தாளில் அடிக்க வேண்டும். மணல் தூவினாற்போலப் புள்ளி கொஞ்சம் தெரியும். ஆனால் எந்த வெளிச்சத்திலும் நிறம் மாறாது. அந்தத் தாள் கடையில் இல்லை, தேடிப் போய் வாங்க வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தம் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். 'வீட்டுக்குள்ள மாட்டப்போற படந்தானே, வெயில்ல வச்சு யாரு பாக்கப்போறா' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கண்ணாடியை வைத்துப் பின்னால் ஆணி அடித்தார்.

கருமாதியன்று படத்தை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டுக்குள் வைப்பார்கள் என்று நினைத்தது நடக்கவில்லை. முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தலுக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு, அப்பன் படத்தையும் மகன் படத்தையும் ஒட்டினாற்போலச் சாத்தினார்கள். காலை வெயில் நேராக விழுந்தது. அந்தக் காலத்து இருட்டறையில் கழுவி எடுத்த அப்பன் படம் கரியும் வெள்ளையுமாக உட்கார்ந்திருக்க, மகனின் முகம் பச்சை பூத்துக் கிடந்தது.

கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "என்னடி இது, தொண்டைக்குழியெல்லாம் பச்சை பாய்ஞ்சு கெடக்கு?" என்றாள்.

மோகன்குமாரின் அக்கா அங்காளம்மாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு மாரில் அறைந்துகொண்டு கத்தினாள்.

"அய்யோ, எந்தம்பி காட்டிக் குடுக்குறானே! மருந்து உள்ள போன ஒடம்புல்ல இப்புடி இருக்கும்! அன்னைக்குக் காலையில இவ கூடத்தானே சண்டை. என்னத்தக் குடுத்தாளோ, என்ன சொல்லிக் குடிக்க வச்சாளோ!"

எல்லாத் தலையும் தீபா பக்கம் திரும்பியது. அவள் சுவரோரம், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்கிறார்கள் என்பதே அவளுக்குச் சரியாகப் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை.

கஸ்பார் பத்தடி தள்ளி, கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். 'அது மையில வந்த கோளாறும்மா, எம்மேல தப்பு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வெயில் நேராக விழுவதால் அப்படித் தெரிகிறது என்று வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்தார். யாரும் சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அழுகையில் சொன்னது அழுகையோடு போய்விடும் என்றுதான் எண்ணினார். பங்குனியில் மொக்கைச்சாமி பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தபோது, மனசு கேட்காமல் விசாரித்தார்.

"அந்தப் புள்ளையையா கேக்குறீக? சின்னாளபட்டிக்குப் போயிருச்சு, அம்மா வீட்டுக்கு. தானாவா போச்சு, அனுப்பிட்டாக. ஊரே ஒரு மாதிரி பேசுனா எப்புடி இருக்கும்? எரிச்சாச்சு, இனிமே எதைப் போட்டுச் சோதிக்கிறது? படத்துலயே தெரியுதேங்குறாக."

அவருடைய பாஸ்போர்ட் படத்தைக் கஸ்பார் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்காக மாதா கோயிலில் வரிசையில் நின்றவர், தன் முறை வருகிற நேரத்தில் விலகி வெளியே வந்துவிட்டார். அவர் மனைவி ரீனா பின்னாலேயே ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்டவளிடம் மாதா சிலை இருந்த கெபிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"சாமியார்ட்ட சொன்னா அந்தப் பொண்ணுக்கு எப்புடிங்க கேக்கும்?" என்றாள் ரீனா.

மறுநாளே தாள் வாங்கி வந்தார். கருப்பு மை மட்டும் போட்டு அடித்தார். புள்ளி தெரிந்தது. கன்னத்தின் மேடு பள்ளம் முன்னைப்போல இழைந்து வரவில்லை. ஆனால் வாசல் வெயிலிலும், மாடிப்படி நிழலிலும், அடுப்படிக் குண்டு பல்பிலும் முகம் ஒரே மாதிரி இருந்தது. முதல் படத்தைப் பச்சையோடு அப்படியே இன்னொரு பிரதி எடுத்தார். இரண்டையும் அட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஜக்கம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அங்காளம்மாளும் இருந்தாள். கஸ்பார் உட்காரவில்லை. டியூப்லைட்டைப் போடச் சொல்லி, அதன் கீழே இரண்டு படத்தையும் காட்டினார். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. பிறகு முற்றத்துக்கு எடுத்துப் போனார். ஒன்று அப்படியே இருக்க, மற்றது பச்சை பூத்தது.

"படத்துல உங்க மகன் எதையும் காட்டிக் குடுக்கலம்மா. இது என் மிசினு கலந்த மையி. கலர் மையி வெயில்ல இப்புடித்தான் மாறும். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கண்ணாடி போட்டேன்."

அங்காளம்மாள் இரண்டு படத்தையும் பிடுங்கி உள்ளேயும் வெளியேயுமாக நடந்து பார்த்தாள். இரண்டாம் தடவை வெளியே வந்தவள் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜக்கம்மாள் கஸ்பாரையே பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க இங்கனதானே நின்னீக?"

"ஆமா."

"காப்பி குடிச்சீக."

"ஆமாம்மா."

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, சேலையை உதறினாள்.

"வண்டியிலதானே வந்திருக்கீக? என்னையச் சின்னாளபட்டியில கொண்டுபோயி விடுங்க. எங்கிட்டச் சொன்னதை அந்தப் புள்ள முன்னாடி நின்னு சொல்லுங்க."

திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை ரோட்டில் போகும்போது அவள் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

தறிச்சத்தம் கேட்கும் தெருவில் தீபாவின் அம்மா வீடு இருந்தது. தீபா தறிக்கான பாவு நூலை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் கை நின்றது. கஸ்பார் வந்ததும் வராததுமாகப் படங்களை எடுத்தார். அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். இங்கே சொல்வது கடினமாக இருந்தது. அவளுடைய விரல்களைத் தான் அழித்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

தீபா கருப்பு மைப் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாமியாரைக் கேட்டாள்:

"படம் பச்சையா இருந்துச்சு, சரி. பத்து வருசமா நீங்க என்னையத்தானே அத்த பாத்துக்கிட்டு இருந்தீக?"

"தப்புத்தாண்டி ஆத்தா" என்றாள் ஜக்கம்மாள், இரண்டு முறை. பிறகு பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தீபா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து மாமியாருக்குக் கொடுத்தாள். கஸ்பாருக்கும் ஒரு செம்பு வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தாள்.

அவள் அன்றைக்குக் கூடப் போகவில்லை. பிறகும் போகவில்லை. அம்மா வீட்டிலேயே தறியில் உட்கார்ந்தாள். வாரம் தவறாமல் ஜக்கம்மாள் மல்லிகைப் பொட்டலத்தோடு இரண்டு பஸ் மாறிப் பேத்தியைப் பார்க்க வந்து போனாள். லீவு நாட்களில் பேத்தியைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அங்காளம்மாள் மட்டும் வரவேயில்லை. ஊர் பேசியது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முழுக்க அடங்கியதா என்று யாருக்கும் தெரியாது.

கஸ்பார் தொழிலை விடவில்லை. கருமாதிப் படம் கேட்டு யார் வந்தாலும், வந்தவர் முகத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் கேட்டுக்கொள்வார். மதுரைக்குப் போக வேண்டி வந்தால், சின்னாளபட்டிக்குப் பிரியும் விலக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். தீபாவை மறுபடி பார்க்கவே கூடாது என்று நினைப்பார். பார்த்தால் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்றும் நினைப்பார். என்ன சொல்வது என்று ஊர் வந்து சேரும்வரைக்கும் பிடிபடாது.