சமாதானம் சொல்லக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு லிஃப்ட் என்றால் பயம். இதைக் கேட்டுச் சிரிக்காதவன் எங்கள் கம்பெனியில் ஒருவனும் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். கதவு மூடியதுமே மூச்சு முட்டி, கை சில்லிட்டுப் போய் என் சட்டையைக் கசக்கிப் பிடிக்கும் பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. வாலுவின் உயிர்த்தோழி பன்னிரண்டாவது மாடிக்குக் குடிபோனதிலிருந்து வினை ஆரம்பித்தது. "நீ வரவே மாட்டியா?" என்று அவள் போனில் கேட்ட அன்று என் மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். படியேறிப் போகலாம் என்றால், "எல்லாரும் சிரிப்பாங்கப்பா" என்றாள்.

என் மனைவிதான் ஆன்லைனில் ஒரு குழந்தை மனநல ஆலோசகரைப் பிடித்தாள். வேறு ஊர்க்காரர், வாரம் ஒருமுறை லேப்டாப்பில் வருவார். வாலுவுக்கு அவர் 'ஸ்கிரீன் அக்கா'. கம்ப்யூட்டரில் பேசினால் பயம் போய்விடுமாக்கும் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் சாமர்த்தியசாலி. முதலில் லிஃப்டை வெளியே நின்று பார்ப்பது, பிறகு திறந்த கதவுக்குள் நிற்பது, பிறகு ஒரு மாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பயம் வந்தால் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும். அது ஏறும், தானாகவே இறங்கும் என்பது பாடம்.

எனக்கும் ஒரு பாடம் வைத்திருந்தார். "சார், நீங்க 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லச் சொல்ல, ஏதோ ஆகும்போலன்னு அவ நினைச்சுக்கிறா. சமாதானம் சொல்லக் கூடாது."

ரோப் ஆறு இருக்கிறது, பிரேக் தனியாக இருக்கிறது என்று நான் கற்ற வித்தை மொத்தமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டு லிஃப்டில் பன்னிரண்டாவது மாடிக்கு வாலு தனியாக ஏறினாள். கையிலிருந்த போனில் ஸ்கிரீன் அக்கா. கீழே நான், வாயை இறுக மூடிக்கொண்டு. கதவு மூடியது. மூன்றாம் மாடி எண் எரிந்தபோது என் போன் அடித்தது.

"சார், கால் கட்டாயிடுச்சு! குழந்தை தனியா இருக்கா!" ஆலோசகரின் குரல் நடுங்கியது.

இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எங்கே வரும்? இத்தனை வருஷம் அதற்குள்ளேயே வேலை பார்க்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. "ஒண்ணும் ஆகாது மேடம்" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே படிகளில் தலைதெறிக்க ஓடினேன்.

ஐந்தாம் மாடியில் நாக்குத் தள்ளி நின்றபோது வாலுவின் அழைப்பு வந்தது. ஆலோசகரையும் அதில் சேர்த்தேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"அஞ்சாவது மாடி... படியில."

"ஏன், லிஃப்ட்ல வரலாம்ல?"

"பயமா இருந்துச்சாடா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"நிறைய அக்கா. நீங்க வேற காணாமப் போயிட்டீங்க. ஏழாவது மாடியில அழுகையே வந்துடுச்சு. அப்புறம் அதுவே போயிடுச்சு. சரி, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க, அவ கதவைத் திறந்துட்டா!"

இரண்டு சிறுமிகளின் கீச்சுக் கூச்சல் கேட்டது. உடனே அவள் போனை வைத்துவிட்டாள். நான் படியிலேயே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன்.

"சார், அழறீங்களா?"

"இல்ல மேடம், படியேறினதுல மூச்சு வாங்குது."

"எனக்கும்தான் சார்" என்றார், நாற்காலியை விட்டு எழாத அந்தப் பெண்.