வேரில் ஒட்டிய ஏரி

1

என் நாவலில் ஒரு மரம் பூக்க வேண்டியிருந்தது. எந்த மாதம் என்று தெரியவில்லை. தப்பாக எழுதினால் வாசகர்களாகிய நீங்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவீர்கள் என்ற பயத்தில், பல்கலைக்கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்துக்குப் போனேன். போன இடத்தில் மரத்தை மறந்தே போனேன். மண்டைக்குள் ஒரு மண்ணாங்கட்டியோடு திரும்பினேன். அதுதான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: "இரும்பு அலமாரிகளில் செடிகள் தூங்கிக்கொண்டிருந்த…"

(வேண்டாம். அவை தூங்கவில்லை. அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டியிருக்கிறார்கள்.)

இரண்டாவது: "காப்பாளர் அம்மாவுக்கு ஈரம் என்றாலே ஆகாது." பரவாயில்லை, இது இருக்கட்டும்.

2

காப்பாளர் அம்மாவுக்கு ஈரம் என்றாலே ஆகாது. ஈரம் பட்டால் பூஞ்சை வரும், பூஞ்சை வந்தால் அலமாரியே போச்சு. தண்ணீர் பாட்டிலோடு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிவிடுவார். என்னையும் மடக்கினார்.

அப்பேர்ப்பட்டவரின் மானத்தை ஒரே ஒரு தாள் வாங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் பிடுங்கிய கோரை. வேரைக் கழுவாமலே காயவைத்ததால், நெல்லிக்காய் அளவு சேறு கல்லாக ஒட்டியிருந்தது. செடி சேகரிக்கிறவர்கள் செய்யவே கூடாத அசட்டுத்தனம். செய்தது வேறு யாருமில்லை, அங்கேயே படித்த அவருடைய சொந்த அக்கா.*

* கழுவ ஏரியில் இறங்கினால் புதுச் செருப்பு நனையுமாம். (இந்த அக்காவை முதல் பிரதியில் சாகடித்திருந்தேன், கதைக்குக் கனம் கூடட்டுமே என்று. ஆனால் ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். மனசு கேட்கவில்லை.)

3

தாள்களைப் படமெடுக்கும் வேலை வந்தது. அந்தச் சேற்றைச் சுரண்டிவிடலாம் என்று காப்பாளர் கத்தியை எடுத்தார். பக்கத்து மேசையில் நீர்ச்செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவி பதறி எழுந்தாள்.

அந்த ஏரி இப்போது பேருந்து நிலையம். அங்கே மட்டும் வளர்ந்த ஒரு சின்னஞ்சிறு நீர்ச்செடியும் ஏரியோடு போய்விட்டது. அதன் விதை மணலைவிடப் பொடி. காய்ந்த சேற்றில் பல காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்றாள். பூச்சி சாக எல்லாத் தாளையும் குளிர்பெட்டியில் வைப்பீர்களே, அது விதையைக் கொல்லாதா என்று நான் குறுக்கே விழுந்தேன். காய்ந்த விதையைக் குளிர் ஒன்றும் செய்யாதாம்.

"மேடம், இதை நனைச்சுப் பார்க்கலாமா?"

காப்பாளருக்கு முகம் சுண்டிப்போனது. நனைத்தால் கட்டி கரைந்துவிடும். உலகத்தில் அந்த ஏரியின் மிச்சம் அவ்வளவுதான், விதை முளைக்காவிட்டால் அதுவும் போச்சு. நனைக்காமல் வைத்திருந்தாலோ உள்ளே இருக்கும் உயிர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும். கத்தியைக் கீழே வைத்தார். அக்காவுக்குப் போன் போட்டார்.

"நீ கழுவாத வேரை இப்பக் கழுவச் சொல்றாங்க. என்னக்கா பண்றது?"

"இத்தனை வருஷமா அதுக்குத்தானேடி என்னைத் திட்டின? இரு, வர்றேன்."

4

அக்கா வந்து சேர்ந்ததும், வேரிலிருந்து கட்டியைப் பெயர்த்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். அந்த அறைக்குள் முதல்முறையாக ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. கொண்டுவந்தவர் காப்பாளரே. சொட்டுச் சொட்டாக விட்டார்.

மணம் எழுந்தது. "அது ஒரு…" (ஒரு என்ன? எத்தனையோ எழுதி அடித்துவிட்டேன்.) ஏரி மணம். சேறும் பாசியும் மீனும் கலந்த மணம். பேருந்துகளுக்கு அடியில் புதைந்த ஒரு ஏரி, காய்ந்த காகித வாசம் மட்டுமே தெரிந்த அறையில் எழுந்து நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அக்கா மூக்கை உறிஞ்சினார். அழுகையா, மணமா, தெரியவில்லை.

"நம்ம ஏரிடி," என்றார்.

5

முடிவு ஒன்று: சேற்றில் ஒரு பச்சை நுனி. (எழுதினேன். ரொம்பத் தித்தித்தது.)

முடிவு இரண்டு: வெறும் சேறு. (இதை எழுதக் கை வரவில்லை.)

தட்டு ஜன்னலோரம் இருக்கிறது. ஈரம் ஆகாதவர் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதில் தண்ணீர் தெளிக்கிறார். முளைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் போய்ப் பாருங்கள். வாசலில் தண்ணீர் பாட்டிலை மடக்குவார். ஏரிக்கு என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்.