கடைக்குப் போகாத பை

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து வந்தது. ஒரத்தநாடு சாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. அந்த உறுத்தல் தாங்காமல் எழுதுகிறேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: "காவிரி வாய்க்காலில் தண்ணீர் பொன்னாகப் புரண்ட ஒரு காலைப்பொழுதில்..."

சீ. அவளுக்குச் சர்க்கரை நோய். வாய்க்கால் எதற்கு?

பெயர் பிரகதாம்பாள். ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். தஞ்சாவூர் டாக்டர் இரண்டு சொன்னார்: மாத்திரையை விடாதீங்க, தினமும் நடங்க. மாத்திரை மாதம் இரண்டாயிரத்தைத் தொட்டது. நடைக்குச் செலவில்லை. மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு, நடையை இரண்டு மடங்காக்கினாள்.

[அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமே என்பீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். "ஓசி மாத்திரைக்கெல்லாம் சக்கரை அடங்குமாங்க?" என்றாள். நடையும் ஓசிதானே என்று வாய்வரை வந்தது. நான் உண்டாக்கிய ஆளிடமே எனக்குப் பயம்.]

3

எங்கள் பக்கம் காரியமில்லாமல் யாரும் ரோட்டில் நடப்பதில்லை. முதல் நாளே டீக்கடை துரைக்கண்ணு பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? வீட்ல ஏதும் சண்டையா?"

மறுநாளிலிருந்து அவள் கையில் ஒரு மஞ்சள் பை. யார் கேட்டாலும் "கடைக்கு." போகும்போதும் கடைக்கு, வரும்போதும் கடைக்கு. பைக்குள் ஒன்றும் கிடையாது. நாலாம் நாள் துரைக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னிக்கி எந்தக் கடைக்கா?" என்று தினமும் கேட்டுச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நடை அவளுக்கு நல்லதையே செய்தது. இடுப்பு இளைத்தது, மூச்சு வாங்குவது நின்றது. வருஷக்கணக்காக இருந்த பாத எரிச்சல்கூட நின்றுபோனது. "நடைதான்டி மருந்து. மாத்திரைக்காரனுக்கு எதுக்கு அழுவணும்?" என்று மகள் மாலதிக்கு போனில் சொன்னாள்.

எரிச்சல் நின்றதை நான் சும்மா எழுதவில்லை.

ஒரு நாள் திரும்பி வரும்போது துரைக்கண்ணு எந்தக் கடை என்று கேட்கவில்லை. அவள் காலையே பார்த்தார்.

"அக்கா, ஒரு செருப்பு எங்க?"

குனிந்தாள். இடது கால் வெறுங்கால். குதிகாலில் கருவேல முள் ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"எங்க கழண்டுச்சு?"

"தெரியலயே."

பெஞ்சில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினாள். ரத்தம் வந்தது. வலி வரவில்லை; எரிச்சலோடு சேர்ந்து காலின் உணர்ச்சியும் போயிருந்தது. அப்போதுதான் பயந்தாள். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவள் வயலில் இறங்க வேண்டும்.

5

முடிவு ஒன்று: அன்றைக்கே சுகாதார நிலையம் போகிறாள். காலைப் பார்த்துத் திட்டுகிறார்கள், மருந்து கட்டி மாத்திரையும் கொடுக்கிறார்கள். நடையையும் விடாமல்... (நல்ல முடிவு. நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் நடவுக்கு இறங்குகிறாள். அதற்குப் பிறகு... (இதை எழுதக் கை வரவில்லை.)

இரண்டுமே பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதியவை. நீங்கள் ரோட்டில் நில்லுங்கள். உங்கள் காலடியில் கிடப்பது அவளுடைய இடது செருப்பு. அதைத் தேடிக்கொண்டு அவள் எதிரே வருகிறாள், கையில் அதே பை. எங்கே கிளம்பிட்டீங்க என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கடைக்கு என்று சொல்லிவிடுவாள். செருப்பு கடித்தது, நானேதான் கழற்றிப் போட்டேன் என்றும் சொல்வாள். வலதுபக்கம் திரும்பினால் சுகாதார நிலையம், இடதுபக்கம் வீடு.

வேறு ஏதாவது சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் வேகமாக நடக்கிறவள்.