பன்னிரண்டு அடி

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள் சுற்றுலா வரவேற்பு அறையிலிருந்த பெண். அவள் பின்னால் சுவரில் பெரிய அமெரிக்க வரைபடம் மாட்டியிருந்தது. வருகிறவர்கள் தங்கள் ஊரின் மேல் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுப் போக வேண்டும். சிகாகோ பக்கம் குத்த இடமில்லை. அயோவாவில், ஆற்றங்கரையில், எங்கள் கார்வெல் ஊர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு துளைகூட இல்லை.

"நாலாவது தெருவுலேர்ந்து," என்றான் என் கூட்டாளி டுவேன். "அவ்ளோ தூரம் உக்காந்து வந்ததுல இடுப்பே போச்சும்மா."

அவள் சிரித்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். அதில் ஐந்து இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். ஐந்தும் சேர்ந்தால் ஐஸ்கிரீம் இலவசம். வயதானவர்களுக்கு அரை டிக்கெட் என்றாள்.

"அரை டிக்கெட்ட இவனுக்குக் குடு. எனக்கு முழுசு."

அவனுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம், எழுபத்திரண்டு. குரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. காய்ந்த கல்லில் கரண்டி இழுபடுகிற மாதிரி வரும். வருகிற செவ்வாய்க்கிழமை அதையும் எடுத்துவிடப் போகிறார்கள். புற்று, குரல்வளையோடு எடுத்தால்தான் உயிர் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு, கையில் ஒரு சிலேட்டு. வெள்ளிக்கிழமை அவன் மனைவி மார்லா என்னைக் கூப்பிட்டாள். "நார்பர்ட், நாளைக்கு இவர எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. நாளெல்லாம் செவுத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

எங்கே போகலாம் என்று அவனிடமே கேட்டேன்.

"நம்ம ஊரப் பாக்கலாம்டா," என்றான். "எல்லாத்து மேலயும் ஏறியிருக்கோம். சுத்திப் பாக்கன்னு உள்ள போனதில்ல."

உண்மைதான். நானும் அவனும் கொத்தனார்கள். பழைய கட்டடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உதிர்ந்துபோன சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவையைத் திணிப்பதுதான் முப்பத்தைந்து வருடப் பிழைப்பு. பழைய சிறைச்சாலையின் கூரை, பொத்தான் தொழிற்சாலையின் புகைபோக்கி, தண்ணீர்க் கோபுரம், நீதிமன்றத்தின் குவிமாடம், எதில் எந்த மூலையில் புறா கூடு கட்டும் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். மழை வந்தால் கொதிகலன் அறையில் உட்கார்ந்து ரொட்டி தின்போம். முன்வாசல் வழியாக எங்களை யாரும் கூப்பிட்டதில்லை, நாங்களும் போனதில்லை. வேலை பார்த்த இடத்தை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்?

இன்று அவனோடு வர எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1991 அக்டோபரில் நீதிமன்றக் குவிமாடத்தின் விளிம்பிலிருந்து நான் விழுந்தேன். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை இரும்புத் தூணில் ஒரு சுற்று சுற்றி டுவேன் பிடித்திருந்தான். கீழே எழுபது அடி, கருங்கல் படிகள். கயிறு ஓடியது, பிறகு நின்றது. அவன் கையுறை போட்டிருக்கவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது. அந்தத் தழும்பு இன்றும் மெழுகு மாதிரிப் பளபளக்கும்.

அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ஒரு தட்டில் வைத்து மூடிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் என் மனைவி இர்மா எலுமிச்சைக் கேக் செய்து, துண்டு போட்டு, அதே அலுமினியத் தட்டில் அவர்கள் வீட்டுக்கு அனுப்புவாள். மார்லா தட்டைக் காலியாகத் திருப்பித் தர மாட்டாள், வெள்ளரி ஊறுகாயோ பூசணி ரொட்டியோ வைத்து வரும். இருபத்தொன்பது வருடம் தட்டு இப்படி நடந்தது. நாலு வருடம் முன்பு இர்மா போய்விட்டாள். தட்டு என் அடுப்புக்கு மேல் பரணில் கிடக்கிறது. செவ்வாய்க்குப் பிறகும் நான் நன்றி சொல்லலாம்தான், அவனுக்குக் காது இருக்கும். ஆனால் பதில் சிலேட்டில் வரும். எனக்கு அந்தக் கரண்டிக் குரலில் பதில் வேண்டும். திட்டினாலும் சரி.

சிறைச்சாலையில் டுவேன் ஓர் அறைக்குள் போய், இரும்புக் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு சுவரைத் தடவினான். "கல்லு நல்ல கல்லு. பூச்சுதான் எவனோ கத்துக்குட்டி பண்ணது."

"இந்தச் சுவர் 1978ல புதுப்பிச்சதுங்க," என்றாள் சுற்றிக்காட்டக் கூட வந்த பெண்.

"டேய், அது நாமதான்டா," என்றேன் அவன் காதருகே.

அவன் சிரித்துச் சிரித்து இருமினான். இருமல் நிற்கவில்லை. நான் முதுகைப் பிடித்துவிட்டேன். அப்போது சொல்லிவிடலாம் போலிருந்தது.

"டுவேன்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காப்பி குடிக்கிறியா?"

பொத்தான் தொழிற்சாலையில், பொத்தான் வெட்டியெடுத்த ஆற்றுச் சிப்பிகள் வட்ட வட்டமாகத் துளை விழுந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தன. அவன் அம்மா அங்கே வெட்டும் இயந்திரத்தில் பதினாறு வருடம் நின்றவள். "அவ விரல் நுனி ரெண்டு இங்கதான் எங்கயோ கெடக்குது," என்றான். பெட்டியை நன்றாகக் குனிந்து பார்த்தான். குடை ராட்டினத்தில் மரக்குதிரை மேல் ஏறி உட்கார்ந்து தொப்பியை ஆட்டினான். ஏறும் இடம், இறங்கும் இடம், வண்டியில் போகும் வழி என்று எல்லா இடத்திலும் நான் வாயைத் திறந்தேன், மூடினேன். தண்ணீர்க் கோபுரத்தடியில் நாலாவது முத்திரையும் விழுந்தது.

மூன்று மணிக்கு நீதிமன்றம். சனிக்கிழமை என்பதால் வழக்கு எதுவும் இல்லை. பளிங்குப் படிகளில் நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாகவே ஏறினோம். நடுவில் நடக்கக் கால் வரவில்லை. குவிமாடத்துக்கு நேர் கீழே வட்டமான ஒரு மாடம். கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிய கிழவர் ஒருவர் எங்களை எதிரெதிர்ப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். நடுவில் அறுபது அடி வெற்றிடம்.

"செவுத்துக்கிட்ட மெதுவாப் பேசுங்க. அந்தப் பக்கம் அவருக்கு மட்டும் கேக்கும்," என்றார். "அடக்கமாப் பேசினாப் போதும்."

நான் சுவரில் காதை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. உடனே அந்தக் குரல், கழுத்துக்குப் பின்னால் நிற்கிறவன் போல.

"நார்ப், ஜிப்பு தொறந்திருக்குடா."

குனிந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. கல்லுக்குள் அவன் சிரிப்பு ஓடியது. "இத்தன வருசம் இதும் மேல நின்னோம். இது பேசும்னு ஒருத்தனும் சொல்லலியேடா."

என் முறை. முன்னால் வெறும் சுண்ணாம்புக்கல். கல்லிடம் பேச எனக்கென்ன கூச்சம்?

"அன்னைக்குக் கயித்தப் புடிச்சியே. அதுக்கு நன்றிடா."

அவனுக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவன் முதுகு மட்டும் தெரிந்தது, இரண்டு கையும் சுவரில் ஊன்றியிருந்தன. மறுபடி காதை வைத்தேன்.

"விட்டுட்டேன்டா," என்றது குரல். "சிகரெட் பத்த வைக்கக் கயித்த விட்டுட்டேன். அப்புறந்தான் புடிச்சேன். ஒவ்வொரு வருசமும் இர்மா அந்தத் தட்ட நீட்டுவா. எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காது."

நான் விழுந்த இரவிலேயே அதைக் கணக்குப் போட்டுவிட்டேன். இறுக்கிப் பிடித்த கயிறு ஒரு கை நீளம் ஓடும், மிஞ்சிப்போனால் இரண்டு. என் கயிறு பன்னிரண்டு அடி ஓடியது. விழுந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பன்னிரண்டாவது அடியில், ஓடுகிற கயிற்றை வெறுங்கையால் ஒருத்தன் எட்டிப் பிடித்திருக்கிறான். இர்மா மாவு பிசைந்தது அந்தக் கைக்குத்தான்.

"தெரியும்," என்றேன்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. பன்னெண்டு அடிடா. நான் அளக்கத் தெரியாதவனா?"



"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன வருசமா கேக்கு குடுத்த? நாயே!"

"புடிச்சியே, அதுக்கு."

சிவப்புப் பட்டைக் கிழவர் என் தோளைத் தொட்டார். "கேட்டுச்சுங்களா? பின்னாடி ஒரு குடும்பம் நிக்கிறாங்க." அவர் கையில் எங்கள் தாள்கள், ஐந்தாவது முத்திரை இன்னும் ஈரமாக. நான் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை, பொறுங்கள் என்று கையை மட்டும் காட்டினேன்.

டுவேன் பேசத் தொடங்கியிருந்தான். அன்றைய காற்று, தீக்குச்சி அணைந்துபோனது, இரண்டாவது குச்சி, நான் பார்த்திராத, என் கால் வழுக்கிய நொடி, கயிறு தூணைச் சுற்றி ஓடிய சத்தம் என்று ஒவ்வொன்றாக. நடு நடுவே இருமி, கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி விட்ட இடத்திலிருந்து. என் காது மரத்துப்போய்விட்டது. மற்றக் காதுக்கு மாறிக்கொண்டு, கன்னத்தைக் கல்லோடு ஒட்டவைத்தேன். அவன் இன்னும் கயிற்றைப் பிடிக்கும் இடத்துக்கு வந்திருக்கவில்லை.